ஷோலே: எனக்கு அது தாக்கூர் வீட்டுக் கதை

ஷோலே என்ற இந்திப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே ஜெய்–வீரு என்ற இரண்டு திருடர்களின் நட்பும் கொள்ளைக்காரன் கப்பரின் சிரிப்பும்தான் முதலில் வரும். படத்தைப் பற்றி மற்றவர்கள் எழுதுவதும் அதைத்தான். எனக்கு அந்தப் படம், கப்பரைப் பிடிக்க அந்த இருவரையும் கூட்டிவரும் முன்னாள் போலீஸ் அதிகாரி தாக்கூரின் குடும்பம் அழிந்த கதை.

படம் வந்தது 1975 ஆகஸ்ட் 15. நான் பார்த்தது பல வருஷம் கழித்து, வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட்டில். பம்பாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருந்த பெரியப்பா ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் சொல்லிக்கொண்டே வந்தார். தாக்கூரின் வீட்டுக்குக் கப்பர் வரும் காட்சியில் மட்டும் அவருக்கு வேலையே இல்லை. ஊஞ்சல் கிரீச்சிடுகிறது. எங்கிருந்தோ ஒரு குண்டு. மகன்கள், மருமகள், மகள் என்று ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசியில் பேரப்பிள்ளையும் கப்பரும் நேருக்கு நேர். "குழந்தையை விட்ருவான்ல?" என்று அத்தை கேட்டாள். பெரியப்பா பதில் சொல்லவில்லை. வெடிச்சத்தம் கேட்கும்போதே படம் ரயிலுக்குத் தாவிவிடுகிறது. தாக்கூர் ஊருக்கு வந்து இறங்குகிறார், ஒன்றும் தெரியாமல்.

குழந்தை சாவதைக் காட்டவே இல்லை. காற்றில் விலகும் வெள்ளைத் துணிகளையும் தாக்கூராக நடித்த சஞ்சீவ் குமாரின் முகத்தையும்தான் காட்டுகிறார் இயக்குநர் ரமேஷ் சிப்பி. மேகம் மூடிய வெளிச்சத்துக்காகக் காத்திருந்து வாரக்கணக்கில் எடுத்த காட்சி என்று பிறகு படித்தேன். காத்திருந்ததில் அர்த்தம் இருக்கிறது.

இதற்கு முன்னால் ஹோலி நாள் சண்டை. துப்பாக்கி காலடியில் கிடந்தும் தாக்கூர் எடுத்துக் கொடுக்காமல் நிற்பார். வீருவும் ஜெய்யும் கொதித்துப்போகிறார்கள். அப்புறம்தான் அந்தச் சால்வைக்குள் கைகளே இல்லை, கப்பர் வெட்டிவிட்டான் என்று தெரிகிறது. நடந்ததைச் சொல்லும் வரை அவரைக் கல்நெஞ்சுக்காரர் என்றே நம்ப வைக்கிறது சலீம்–ஜாவேத்தின் திரைக்கதை. பழிவாங்கும் படங்கள் பொதுவாக முதலிலேயே குடும்பத்தைக் கொன்று காட்டிவிட்டு ஓட ஆரம்பிக்கும். இதில் பாதிப் படம் தாண்டும்வரை துக்கத்தை மூடியே வைத்திருக்கிறார்கள்.

முடிவைப் பற்றி எனக்கு வலுவான கருத்து உண்டு. முதலில் எடுத்ததில் ஆணி அடித்த செருப்பால் மிதித்து தாக்கூரே கப்பரைக் கொல்கிறார், பிறகு உடைந்து அழுகிறார். எமர்ஜென்சி காலத் தணிக்கை அதை ஏற்கவில்லை. போலீஸ் வந்து தடுப்பதாக மாற்றிவிட்டார்கள். அந்த அழுகைதான் கதையின் உண்மையான முடிவு. பழைய முடிவுடன் புதுப்பித்த பிரதியை 2025 ஜூனில் இத்தாலியின் பொலோன்யா நகர விழாவில் திரையிட்டார்கள். பெரிய திரையில் அதைப் பார்க்க வேண்டும்.

*

அண்ணா, நீங்கள் மேலே எழுதியதைப் படித்தேன், ஊஞ்சல் காட்சி சரி. ஆனால் அந்த வீட்டில் உயிரோடு மிஞ்சிய இளைய மருமகள் ராதாவை விட்டுவிட்டீர்களே! அன்றைக்கு அவள் வேலைக்காரர் ராம்லாலோடு கோயிலுக்குப் போயிருந்ததால் தப்பித்தாள்.

பெங்களூருக்கு வந்த புதிதில், படம் எடுத்த ராமநகரம் போனேன். மைசூர் சாலையில் சுமார் 50 கிலோமீட்டர்தான். படத்தில் வரும் ராம்கட் கிராமம் அங்கே போட்ட செட். இப்போது அதன் சுவடே இல்லை. ராமதேவர பெட்டா பாறைகள் மட்டும் அப்படியே நிற்கின்றன, அந்தப் பகுதி பிணந்தின்னிக் கழுகுகளின் சரணாலயம். கூட வந்தவர்கள் கப்பர் மாதிரி நடந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கும் ராதாவின், அதாவது ஜெயா பாதுரியின் நினைப்புதான்.

பழிவாங்கத் துடிப்பது மாமனார். அதற்காக அவர் கூட்டிவந்த ஜெய் சாகிறான். ஜெய்யோடு மறுமணத்துக்கு தாக்கூரே ராதாவின் அப்பாவிடம் போய்ப் பேசியபின் இது நடக்கிறது. கப்பர் செத்தாலும் ஜெயிலுக்குப் போனாலும் அவளுக்கு ஒன்றுதான். கல்யாணத்துக்கு முந்தைய ஹோலியில் வாய் ஓயாமல் பேசும் பெண் அவள். ராம்லால் அதை ஜெய்யிடம் சொல்லும் இடத்தைப் பலர் ஓட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து ஓட்டாதீர்கள், அது இல்லாமல் அவளுடைய வெள்ளைப் புடவை வெறும் புடவையாகத்தான் தெரியும்.