கையில் நீட்டுவதை வாங்கலாமா?

மயிலாப்பூரிலிருந்து:
வேறு மதத்தாரின் வழிபாட்டு இடத்துக்குப் போனால், செருப்பை எங்கே விடுவது என்பது வாசலிலேயே தெரிந்துவிடும். உள்ளே யாராவது எதையாவது நீட்டும்போதுதான் குழப்பம். சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி என்னும் பூசை வழிபாட்டின் நடுவே எல்லோரும் எழுந்து வரிசையில் போவதைப் பார்த்து, பிரசாதம் என்று நினைத்துப் பின்னாலேயே போய்விடுகிறார்கள். போகாதீர்கள். அது நற்கருணை. கோதுமை மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்த புளிக்காத அப்பம். குருவானவர் வசனம் சொன்னபின் அது கிறிஸ்துவின் உடலாகவே மாறிவிடுகிறது என்பது கத்தோலிக்க நம்பிக்கை. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய கத்தோலிக்கர்களுக்கே தருவார்கள். அவர்களும் ஒரு மணி நேரத்துக்கு முன்பிருந்தே தண்ணீர், மருந்து தவிர வேறெதுவும் சாப்பிடக்கூடாது. தெரியாமல் முன்னே போய் நின்றுவிட்டால், "நான் கத்தோலிக்கன் இல்லை" என்று மெதுவாகச் சொன்னால் போதும். வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதுதான் பெரிய தப்பு. அங்கேயே உட்கொள்ள வேண்டியது அது.

திருவல்லிக்கேணியிலிருந்து:
பார்த்தசாரதி கோயிலுக்கு வரும் வெளியூர் நண்பர்களுக்கும் இதே திண்டாட்டம். தீர்த்தத்துக்கு வலது கையைக் குழித்து, கீழே இடது கையைத் தாங்கலாக வைக்க வேண்டும். சொட்டு தரையில் விழக்கூடாது. சத்தமில்லாமல் குடிக்கவும். மிச்ச ஈரத்தைத் தலையில் தடவுவது பலர் பழக்கம். எச்சில் கை என்று வைணவ வீடுகளில் கடிந்துகொள்வார்கள். அடுத்து சடாரி, அதாவது தலையில் வைத்து எடுக்கும் கிரீடம். அதன்மேல் இருப்பது பெருமாளின் பாதம். பெயர் நம்மாழ்வாரின் சடகோபன் என்ற பெயரையொட்டி வந்தது. குனிந்து, வலக்கையால் வாயை மறைத்துக்கொண்டால் போதும், கையை நீட்ட வேண்டாம். கபாலி கோயிலில் வாங்கிய விபூதியில் பூசியது போக மிச்சத்தைத் தூணில் கொட்டாதீர்கள். காகிதத்தில் மடித்து எடுத்துப் போங்கள். கோயில் தூண்கள் பாவம்.

ராயப்பேட்டையிலிருந்து:
ரமலானில் நோன்புக் கஞ்சி யாருக்கும் உண்டு, மதம் கேட்க மாட்டார்கள். அஸர் என்னும் மாலைத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் ஊற்ற ஆரம்பிப்பார்கள். மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு கொண்டு போங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது பிளாஸ்டிக் டப்பா வளைந்துவிடும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் இருக்கும். பல இடங்களில் கொத்துக்கறியும் சேரும், ஆகவே சைவர்கள் கேட்டு வாங்கவும். உள்ளே உட்கார்ந்து சாப்பிட அழைத்தால், சூரியன் மறைந்ததும் சொல்லும் மஃரிப் பாங்கு கேட்கும்வரை தட்டில் கை வைக்காதீர்கள். முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. வாலாஜா பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் உணவைப் பல பத்தாண்டுகளாகப் பரிமாறுவது சூஃபிதார் என்ற சிந்தி இந்துக்களின் அமைப்பு. பார்க்க வேண்டிய காட்சி.

பக்ரீத் இறைச்சியும் அப்படித்தான். மூன்று பங்கில் ஒன்று வீட்டுக்கு, ஒன்று உறவு நட்புக்கு, ஒன்று ஏழைகளுக்கு. அண்டை வீட்டுக்காரர் எந்த மதமானாலும் இரண்டாவது பங்கில் சேரலாம். சாப்பிடாதவர் வேண்டாமென்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

தி.நகரிலிருந்து:
ஜி.என். செட்டி சாலையில் உள்ள சீக்கியர்களின் குருத்வாராவில் வாங்காமல் போவதுதான் மரியாதைக் குறைவு. தலையை மூடி, கால் கழுவி, அவர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபுக்கு முன் நெற்றி தரையில் பட வணங்கிவிட்டு உட்காருங்கள். கடா பிரசாதம் வரும்: கோதுமை மாவு, நெய், சர்க்கரை சம எடை. மாவைப் பொன்னிறமாக வறுத்து, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றிச் சுருளக் கிளறுவார்கள். அரதாஸ் என்ற வேண்டுதல் சொல்லி, கிர்பான் என்ற குறுவாளால் தொட்டு, ஐந்து பங்கு முதலில் எடுத்துவிட்டுத்தான் மற்றவருக்கு. ஒற்றைக் கையை நீட்டினால் தர யோசிப்பார்கள். இரு உள்ளங்கையும் சேர்த்துக் குழிக்கவும். நெய் கையில் ஒட்டும், கைக்குட்டை எடுத்துப் போங்கள். கம்பளத்தில் துடைப்பது வழக்கமான குற்றம்.

பின்பு லங்கர் என்ற பொதுப் பந்தி. தரையில் வரிசையாக, பணக்காரர் ஏழை என்ற பேதமில்லாமல். ரொட்டியையும் இரு கையேந்தித்தான் வாங்க வேண்டும். கேட்டு வாங்கலாம், மிச்சம் வைக்கக்கூடாது. எப்போதும் சைவம்தான். சட்டைப்பையில் சிகரெட் பாக்கெட் இருந்தால் வண்டியிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

சௌகார்பேட்டையிலிருந்து:
அதே ஜி.என். செட்டி சாலையில்தான் சமணர்களின் பளிங்குக் கோயிலும் இருக்கிறது. அங்கே விதி நேரெதிர்: எதையும் எடுக்காதீர்கள். பலகையில் பச்சரிசியால் ஸ்வஸ்திகம், அதன்மேல் மூன்று குவியல், அதற்கும் மேல் பிறையும் அதில் ஒரு குவியலும் போடுவார்கள். ஸ்வஸ்திகத்தின் நாலு கைகள் பிறவி எடுக்கும் நாலு கதிகள்; மூன்று குவியல் நல்லறிவு, நற்காட்சி, நல்லொழுக்கம்; பிறை முக்தி பெற்றவர்களின் இடம். உமி நீங்கிய அரிசி முளைக்காது. இனிப் பிறவி வேண்டாம் என்பதற்கு அதுவே குறி. மேலே வைக்கும் பாதாம், பழம், இனிப்பு எல்லாம் துறப்பு. சமணர் வணங்கும் தீர்த்தங்கரர் எதையும் ஏற்பதில்லை. அதனால் திரும்பிவரப் பிரசாதமும் இல்லை. வைத்தவரே தொட மாட்டார். பிரசாதம் என்று நினைத்து ஒரு பாதாமை எடுத்து வாயில் போட்டால், பக்கத்தில் நிற்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம். தோல் பெல்ட், பர்ஸ் வெளியே.

எழும்பூரிலிருந்து:
கென்னட் லேனில் உள்ள மகாபோதி சங்கத்தில் பௌத்தத் துறவிகளான பிக்குகளுக்கு உணவு கொடுக்க விரும்பினால் நண்பகலுக்குள் முடியுங்கள். பன்னிரண்டுக்கு மேல் அவர்கள் திட உணவு உண்ண மாட்டார்கள். இரண்டு மணிக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு போய் நிற்பது நல்ல மனசுதான், ஆனால் பயன்படாது. பிரித் என்ற காப்பு ஓதல் முடிந்தபின் கட்டும் வெள்ளை நூலை யாரும் வாங்கலாம்.

ராயபுரத்திலிருந்து:
இங்குள்ள பார்சி அக்னிக் கோயில் 1910இல் கட்டியது. உள்ளே பார்சிகளுக்கு மட்டும். நீட்டவும் ஆளில்லை, வாங்கவும் வழியில்லை. வெளியிலிருந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.