வின்ட்மில் ஹில் அகழிகள்: விவரம் அறிந்தவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில், ஏவ்பரிக்கு அருகிலுள்ள வின்ட்மில் ஹில் குன்றைப் பற்றிப் பள்ளி மாணவர்களுக்காக ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

ஏறத்தாழ 5,600 ஆண்டுகளுக்கு முன், புதிய கற்கால மக்கள் அக்குன்றில் மூன்று சுற்றுகளாக அகழி வெட்டி மண்கரை எழுப்பினார்கள். ஆனால் அகழியைத் தொடர்ச்சியாக வெட்டாமல், இடையிடையே வெட்டாத தரையைப் பாதையாக விட்டிருக்கிறார்கள். பாதுகாப்புதான் நோக்கம் என்றால் இத்தனை திறப்புகள் எதற்கு? 1925 முதல் 1929 வரை தொல்லியலாளர் அலெக்சாண்டர் கெய்லர் நடத்திய அகழாய்வில், அகழிகளுக்குள் மாட்டெலும்புகளும் பானையோடுகளும் ஏராளமாகக் கிடைத்தன; சில பானைகளின் களிமண் வெகுதொலைவிலுள்ள கார்ன்வாலைச் சேர்ந்தது. எனவே இது நிலையான ஊராக இல்லாமல், சிதறி வாழ்ந்த குடும்பங்கள் மந்தைகளோடு வந்து கூடி விருந்துண்ட இடமாகவே இருந்திருக்க வேண்டும் என்ற ஆய்வாளர்களின் கருத்து எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. எனினும் இவ்வாறு அகழி சூழ்ந்த எல்லா வளாகங்களுக்கும் இது பொருந்தாது: கிளவுஸ்டர்ஷயரின் கிரிக்லி ஹில்லில் வாயில்களைச் சுற்றி நூற்றுக்கணக்கான அம்புமுனைகள் கிடைத்துள்ளன, அங்கே நடந்தது தாக்குதல்.

விலங்கெலும்புகளையும் பற்களையும் கொண்டு, அவ்விலங்குகள் ஆண்டின் எந்தப் பருவத்தில் வெட்டப்பட்டன என்று கணிக்கும் முறையைத் தொல்லியல் பயின்றவர்கள் எளிமையாக விளக்கினால் பேருதவியாக இருக்கும். இங்கிலாந்தில் வசிக்கும் உறுப்பினர் யாரேனும் ஏவ்பரி அருங்காட்சியகத்திற்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள பானைகளை உரிய அனுமதியுடன் படமெடுத்து, விளக்கப் பலகையும் தெரியும்படி இங்கே பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.