மக்களோடு சேர்ந்து ஆய்வு செய்ய மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது?

கேள்வி
முதுகலை மாணவர்களுக்குக் கள ஆய்வு முறையியல் கற்பிக்கிறேன். மக்களிடம் தகவல் வாங்கிவந்தால் போதாது, ஆய்வுக் கேள்வியையே அவர்களோடு சேர்ந்து வகுக்க வேண்டும் என்று வகுப்பில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். களத்துக்குப் புறப்படும் நாளிலோ ஒவ்வொருவர் பையிலும் அச்சிட்ட வினாப்பட்டியல் தயாராக இருக்கிறது. ஒரே பருவத்துக்குள் இதை எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1
வணக்கம். மாணவர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு வினாப்பட்டியலை முன்கூட்டியே கேட்பதால், மக்களைச் சந்திக்கும் முன்பே கேள்வி முடிவாகிவிடுகிறது. முதல் நான்கு வாரம் எதையும் திரட்டக் கூடாது என்பது என் வகுப்பின் விதி. மக்கள் கூடும் கூட்டங்களில் நாற்காலி எடுத்துப்போட்டு, உட்கார்ந்து கேட்டுவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான். பிறகு, முடிவெடுப்பதில் மக்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதைக் காட்ட ஷெரி ஆர்ன்ஸ்டைன் 1969இல் முன்வைத்த எட்டுப் படி ஏணியில் தத்தம் ஆய்வு எங்கே நிற்கிறது என்று குறிக்கச் சொல்வேன். கூட்டாண்மை ஆறாவது படி. பெரும்பாலோர் நான்காவது படியான கலந்தாலோசனையைத் தாண்டவில்லை என்பதைத் தாங்களே கண்டுகொள்கிறார்கள்.

பதில் 2
மாணவியாக நான் பட்டதைச் சொல்கிறேன். மூன்றாவது கேள்வியில் மாத வருமானம் கேட்டேன். எதிரே இருந்த அம்மா தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது கடைசியில் யாரிடம் இருக்கும்?" என்றார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கப் பழகியிருந்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர் நீரிழிவு ஆய்வுக்கென்று நம்பி 1990 முதல் கொடுத்த இரத்தம், மனச்சிதைவு உள்ளிட்ட வேறு ஆய்வுகளுக்கும் பயன்பட்டது; வழக்குக்குப் பின் 2010இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் தரவும் மாதிரிகளைத் திருப்பிக் கொடுக்கவும் இசைந்தது. ஆகவே தரவு யாருடையது, யார் வைத்திருப்பார்கள், யார் பார்க்கலாம் என்பதை மாணவர்கள் முதலில் எழுதட்டும். வினாப்பட்டியல் பிறகு வரலாம்.

பதில் 3
ஆய்வாளர்கள் அடிக்கடி தேடிவரும் ஒரு குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறேன். முதல் பதில் எழுதிய ஆசிரியர் பொறுத்துக்கொள்ள வேண்டும்: நான்கு வாரம் உட்கார்ந்து கேட்பதும் எங்கள் நேரம்தான். ஆண்டுதோறும் புது முகங்களுக்கு அதே கதையைச் சொல்கிறோம். எங்களோடான உறவை உங்கள் துறையே பேணட்டும்; முந்தைய அணி விட்ட இடத்தில் அடுத்த அணி தொடரட்டும். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் முடிவுகளை எங்கள் கூட்டத்தில் வாசித்துக்காட்டினால், தவறிருந்தால் அங்கேயே சொல்லிவிடுவோம்.

கேட்டவர்
நன்றி. சென்ற ஆண்டு மாணவர்களின் களக்குறிப்புகள் என் அலமாரியிலேயே கிடக்கின்றன. அவற்றை முதலில் அந்த மக்களிடம் கொண்டுபோய், எதை வைத்துக்கொள்ளலாம் என்று கேட்ட பிறகே புதிய அணியை அனுப்புகிறேன்.