அரை நிழலில் என்ன நாட்டுச் செடி வைக்கலாம்?

வணக்கம். பட்டாம்பூச்சி, தேனீ, சிட்டுகளுக்காகக் கொல்லையில் நாட்டுச் செடிகள் வைக்கிறேன். அங்கே மண்டிக் கிடந்த உண்ணிச்செடியைப் போன மாதம் வேரோடு பிடுங்கிவிட்டேன். பட்டாம்பூச்சிகள் தேனுக்கு மொய்க்கும், உண்மைதான். ஆனால் பெரும்பாலான பட்டாம்பூச்சிப் புழுக்களுக்கு அதன் இலை ஆகாது. வந்தேறிச் செடி வேறு.

இப்போது மிச்சம் ஒரு எருக்கும் ஒரு கறிவேப்பிலைக் கன்றும்தான். கறிவேப்பிலையில் காக்கை எச்சம் என்று துடைக்கப் போனேன், அது நகர்ந்தது, பட்டாம்பூச்சிப் புழு! நாலைந்து நாளில் அதே புழு பச்சையாகிவிட்டது. குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவை மாதிரி ஒன்றை நீட்டி ஒரு வாடை விடுகிறது. கன்றைப் பாதி மொட்டையடித்தாயிற்று. சரி, அதற்குத்தானே வைத்தோம். ஆனால் கன்று இரண்டடிதான். தானாகத் துளிர்க்குமா, இல்லை சில புழுக்களை எலுமிச்சைக்கு மாற்றலாமா? மாற்றிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அடுத்தது, சுவரோரம். காலை பத்து மணி வரைதான் வெயில். ஆடாதொடை யோசித்திருக்கிறேன், கருவண்டுத் தேனீக்கள் அதன் வெள்ளைப் பூவை விடாது. நொச்சி அந்த வெயிலில் பூக்குமா? சிட்டுகள் ஒளிய அடர்த்தியாக வளரும் வேறு நாட்டுப் புதர்கள் இருந்தாலும் சொல்லுங்கள். அடுக்குச் செம்பருத்தி மட்டும் வேண்டாம், பார்க்க அழகு, தேனீக்குப் பட்டினி.