குழு மோதல் கோட்பாடுகள்: ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். முதுகலை செமினாருக்காக மோதல் கோட்பாடுகளை, அதாவது குழுக்கள் ஏன் மோதிக்கொள்கின்றன என்ற விளக்கங்களைப் படிக்கிறேன். மார்க்ஸ் வரை சிக்கலில்லை. உற்பத்திச் சாதனங்கள் யார் கையில் என்பதுதான் கேள்வி. சமூகவியலாளர் டாரன்டார்ஃப் 1950களில் அதை அதிகாரத்தின் பக்கம் திருப்பினார். அதுவும் சரி.

இடறுவது அப்புறம்தான். 1954-இல் உளவியலாளர் ஷெரிஃப், ஓக்லஹாமா முகாம் ஒன்றில் சிறுவர்களை இரண்டு அணியாக்கிப் பரிசுக்குப் போட்டி போட வைத்தார். எதிரணிக் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது. அப்படியானால் போட்டிதான் காரணமா? ஆனால் 1970 வாக்கில் இன்னொரு உளவியலாளர் தாஜ்ஃபெல் செய்த சோதனையில் போட்டியே கிடையாது. தன் குழுவில் யார் யார் என்றே தெரியாத மாணவர்கள்கூட, தன் குழுவுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்ததைவிடக் கூடுதலாக இருக்கட்டும் என்று காசைப் பங்கிட்டார்கள்!

சமூகவியலாளர் ப்ளூமர் 1958-இல், நம் குழுவுக்கு உரியது பறிபோகிறது என்ற உணர்விலிருந்தே இனவெறுப்பு வருகிறது என்றார். இது ஷெரிஃப், தாஜ்ஃபெல் இருவரின் முடிவுகளையும் இணைக்கும் என எனக்குப் படுகிறது. உளவியலையும் சமூகவியலையும் போட்டுக் குழப்பாதே என்கிறார் வழிகாட்டி. இந்தப் பாடம் நடத்தியவர்கள் யாராவது இருந்தால், இப்படி இணைத்து வாதிடலாமா, எங்கே இடிக்கும் என்று சொல்லுங்களேன்.