கட்டைவிரல் வலி 3 மாதமாகப் போகவில்லை

குழந்தைக்கு 5 மாதம். அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போதெல்லாம் கட்டைவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரை சுரீரென்று இழுக்கிறது, இடியாப்பம் பிழியவே முடியவில்லை. மஞ்சள் பற்று போட்டும் அப்படியே இருக்கிறது. வேறு கைவைத்தியம் உண்டா?

பதில் 1: நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில், கை பொறுக்கும் சூட்டில் 10 நிமிடம் வையுங்கள், இதமாக இருக்கும். ஆனால் தசைநாருக்கு ரத்த ஓட்டம் குறைவு, மெதுவாகத்தான் ஆறும். அதே விரலைத் தினமும் இழுத்துக்கொண்டிருந்தால் எந்த இலையும் கேட்காது.

பதில் 2: கட்டைவிரலை உள்ளே மடக்கி மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். உயிர்போகிற மாதிரி வலித்தால் டி குவர்வெய்னாக (கட்டைவிரல் தசைநாரைச் சுற்றியுள்ள உறை வீங்கும் பிரச்சினை) இருக்கலாம், கைக்குழந்தைக்காரிகளுக்குச் சகஜம். கட்டைவிரலையும் சேர்த்து அசையாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட் பட்டையை 4 முதல் 6 வாரம் போடச் சொல்வார்கள். அப்புறம், பிள்ளையை அடியிலிருந்து அள்ளித் தூக்குங்கள்.

கேட்டவர்: சாய்த்ததுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சரி, நாளைக்கே எலும்பு டாக்டரிடம் போகிறேன்.