ரேக்கைத் தொட்டாலே சுர்ருன்னு இழுக்குது, எர்த் குழி இருந்தும் ஏன்?

மேலூர் நெட்காரன்:
வணக்கம்ணே. மேலூர்ப் பக்கம் சின்னதா கேபிள் இன்டர்நெட் நடத்துறேன். நெட் மிஷின்களை அடுக்கி வச்சிருக்கிற இரும்பு ரேக்கை மாடி ஷெட்டுக்கு மாத்தி ஒரு வாரம் ஆச்சு. அன்னையில இருந்து வெறுங்காலோட நின்னு தொட்டா சுர்ருங்குது. புறங்கையால லேசாத் தடவினா இரும்பு சன்னமா அதிருற மாதிரி இருக்கு. டெஸ்டர் மங்கலா எரியுது. மீட்டர்ல ரேக்குக்கும் நியூட்ரலுக்கும் 108 வோல்ட். எர்த் குழிக்குப் போன வருசம்தான் கரியும் உப்பும் போட்டுப் புதுப்பிச்சோம். வேலை பாக்குற பையன் கிட்ட போகவே பயப்படுறான். அவனுக்கு ஒண்ணு ஆனா அவங்க வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்ல?

செல்லூர் கடைக்காரர்:
தம்பி, பிளக்குக்குள்ளயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால சேத்துருங்க. எங்க கடையில அப்படித்தான் ஓடுது, ஷாக்கே இல்ல.

திருமங்கலம் வயர்மேன்:
அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அதை மட்டும் செய்யவே கூடாது. வழியில நியூட்ரல் அறுந்துச்சுன்னா, மிஷின் வழியாவே 230 வோல்ட்டும் வெளிப்பக்க இரும்புப் பாடிக்கு வந்து நிக்கும். சாக்கெட்ல பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தா, சொருகின நிமிஷமே ரேக் முழுக்க பேஸ். உங்க கடையிலயும் இன்னைக்கே கழட்டிருங்கண்ணே.

தம்பி, 108ங்கிறது சப்ளையில கிட்டத்தட்ட பாதி. மிஷினுக்குக் கரண்டை மாத்திக் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் உள்ள, மின் இரைச்சலை வடிகட்ட, பேஸ்ல இருந்து பாடிக்கு ஒரு சின்ன கெபாசிட்டர், நியூட்ரல்ல இருந்து பாடிக்கு ஒண்ணு இருக்கும். எர்த் போய்ச் சேரலைன்னா பாடி ரெண்டுக்கும் நடுவுல தொங்கும். இப்படிக் கெபாசிட்டர் வழியா பாடிக்கு வர்ற கசிவு ஒரு மிஷினுக்குக் கொஞ்சம்தான், ரேக்குல மிஷின் கூடக் கூட அதுவும் கூடும்.

கசிவுதானான்னு உறுதி பண்ண, லைசென்ஸ் உள்ள வயர்மேனை வச்சு ரேக்குக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 60 வாட் குண்டு பல்பு போட்டுப் பாருங்க. பல்பு எரியாம வோல்ட் சரிஞ்சா கசிவு. எரிஞ்சா பேஸ் வயரே பாடியைத் தொடுது; மெயினை அணைச்சிட்டுத்தான் அடுத்த வேலை.

எனக்குக் குழி மேல சந்தேகம் இல்ல. குழிக்கும் ரேக்குக்கும் நடுவுலதான் எங்கயோ விட்டுப்போயிருக்கு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்க. எர்த் போல்ட்டுக்கு அடியில பெயிண்ட் இருந்தாலும் கரண்ட் கடத்தாது.

மேலூர் நெட்காரன்:
பாத்துட்டோம்ணே. பல்பு எரியல, வோல்ட் சைபர் பக்கம் வந்துருச்சு. மாடிக்குன்னு புதுசா வாங்கின பாக்ஸைத் திறந்தா வயிறே கலங்கிருச்சு. மூணு ஓட்டை இருக்கு, எர்த் தகடு பளபளன்னு இருக்கு, அதுல ஒரு வயர் கூட இல்ல. வந்தது பேஸும் நியூட்ரலும் மட்டும் உள்ள ரெண்டு கோர் வயர்! அதைத் தூக்கிப் போட்டு மூணு கோர் வயர் இழுத்தாச்சு. ரேக் போல்ட் அடியில பெயிண்ட்டை இரும்பு தெரியச் சுரண்டி, ஸ்டார் வாசர் வச்சு, பச்சை மஞ்சள் வயரை எர்த் வயரெல்லாம் வந்து சேர்ற எர்த் பாருக்கு நேரா கொண்டு போனோம். கதவுக்குத் தனி வயர். இப்ப 1.4 வோல்ட். ரேக்குக்குன்னு தனியா ஒரு குழி தோண்டவாண்ணே?

திருமங்கலம் வயர்மேன்:
மனசு நிம்மதி ஆச்சு தம்பி. தனியா நிக்கிற குழி வேண்டாம். பக்கத்துல இடி விழுந்தா ரெண்டு குழிக்கும் நடுவுல வோல்ட் ஏறி, உங்க மிஷின் வழியாத்தான் பாயும். தோண்டினா பழைய குழியோட கண்டிப்பா இணைக்கணும். உங்க பக்கம் பாறை மண்ணு, சித்திரை வெயில்ல காஞ்சுரும். குழிக்குத் தண்ணி ஊத்துங்க, குழி எத்தனை ஓம்னு எர்த் டெஸ்டர் வச்சு அளங்க.

எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா சப்ளையை உடனே அணைக்கிற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி சுவிட்ச் ஒண்ணு அவசியம் போடுங்க. குழி 5 ஓம்னு வச்சாலும் பேஸ் பாடியில பட்டா 46 ஆம்பியர்தான் ஓடும். அதுக்கு, கரண்ட் அளவுக்கு மீறினா விழுற 32 ஆம்பியர் எம்சிபி சுவிட்ச் உடனே விழாது, ஆர்சிசிபி விழுந்துரும்.

மேலூர் நெட்காரன்:
நாளைக்கே மாட்டிர்றேன்ணே. பையனையே டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாக்கச் சொல்றேன்.